வெளியே பார்த்தால் வீடு, உள்ளே பள்ளிக்கூடம்: யார்க் நகரத்து பார் கான்வென்ட்

கேட்டிருந்த கேள்வி இது: "கன்னியாஸ்திரிகள் என்றால் மடத்தை விட்டு வெளியே வராமல் ஜெபத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதானே பழைய வழக்கம்? அப்படிப்பட்டவர்கள் எப்படிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்த வந்தார்கள்? நம் ஊரில் கான்வென்ட் என்றாலே பள்ளிக்கூடம் என்று ஆனது எதனால்?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னதுதான். வெள்ளைக்காரர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த கன்னியர் சபைகள் தங்கள் மடத்தோடு சேர்த்தே பள்ளிக்கூடம் வைத்தார்கள், பாடம் ஆங்கிலத்தில் நடந்தது, மடத்தின் பெயர் பள்ளிக்கூடத்துக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு ஒரு கன்னியாஸ்திரியும் இல்லாத நர்சரிப் பள்ளிக்குக்கூட கான்வென்ட் என்று போர்டு மாட்டுகிறார்கள்.

முதல் கேள்விதான் பெரிய விஷயம். அதற்குப் பொதுவாக நாலு வரி எழுதுவதை விட ஒரே ஒரு மடத்தின் கதையைச் சொன்னால் நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தின் வடக்கே யார்க் நகரத்தில் இருக்கும் பார் கான்வென்ட். 1686-ல் ஆரம்பித்தது. இங்கிலாந்தில் இன்றுவரை நிலைத்திருப்பவற்றில் மிகப் பழைய கான்வென்ட் இதுதான். பார் என்றால் யார்க்கில் கோட்டை வாசல் என்று அர்த்தம். மிக்கில்கேட் பார் என்ற வாசலுக்கு வெளியே மதிலை ஒட்டி இருப்பதால் அந்தப் பெயர்.

ஆனால் கதையை அதற்கு நூறு வருஷம் முன்னால் தொடங்க வேண்டும், ஏனென்றால் இந்த மடத்துக்குக் காரணமான பெண்மணி, மடம் வருவதற்கு நாற்பத்தோரு வருஷம் முன்னாலேயே இறந்துபோனவர்.

அவர் பெயர் மேரி வார்ட். 1585 ஜனவரியில் யார்க்ஷையரில் ரிப்பன் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். முதலாம் எலிசபெத் ராணியின் புராட்டஸ்டண்ட் ஆட்சி. கத்தோலிக்கராக இருப்பதே குற்றம், பூசை வைக்கும் குரு பிடிபட்டால் தூக்கு. மேரி பிறந்து ஒரு வருஷம் கழித்து, யார்க் நகரத்தில் கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் மனைவியான மார்கரெட் கிளித்தரோவை, வீட்டில் குருக்களுக்கு இடம் கொடுத்தார் என்ற வழக்கில், உடம்பின் மேல் கதவை வைத்து அதன் மேல் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். மேரியின் பாட்டி மதத்துக்காகப் பல வருஷம் சிறையில் இருந்தவர். தாய்மாமன்கள் இருவர், ஜான் ரைட்டும் கிறிஸ்டோபர் ரைட்டும், 1605-ல் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கப் பார்த்த கூட்டத்தில் சேர்ந்து அதிலேயே உயிரையும் விட்டவர்கள்.

இப்படிப்பட்ட குடும்பங்களில் பையன்களைக் கடல் தாண்டி அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அதுவும் சட்டப்படி குற்றம்தான், ஆனாலும் இன்றைய பிரான்சின் வடக்கே இருக்கும் டூவே, செயின்ட் ஓமேர் ஊர்களில் ஆங்கிலப் பையன்களுக்கென்றே கல்லூரிகள் இருந்தன. பெண்பிள்ளைகளுக்கு? ஒன்றும் இல்லை. வீட்டில் பாட்டியோ அத்தையோ சொல்லிக் கொடுத்தால் உண்டு. துறவறம் போக ஆசைப்பட்டால் வெளிநாட்டில் ஏதாவது ஒரு அடைபட்ட மடம்.

மேரியும் 1606-ல் செயின்ட் ஓமேருக்குப் போனார், இருபத்தோரு வயது. கடும் ஏழ்மையில் வாழும் கன்னியர் சபையான ஏழை கிளாரா சபையில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த வேலை மடத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுப்பது. அப்புறம் ஆங்கிலப் பெண்களுக்கென்று தனியாக ஒரு கிளாரா மடம் அமையப் பாடுபட்டு, அது அமைந்ததும் தனக்கு அது வழியில்லை என்று தோன்றி அதையும் விட்டு வெளியே வந்தார். 1609-ல் லண்டனில் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தபோதுதான் தனக்கு வேறொரு வேலை இருக்கிறது என்ற தெளிவு வந்தது என்கிறார். பிறகு தோழிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு செயின்ட் ஓமேருக்குத் திரும்பி, ஆங்கிலப் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி, உள்ளூர் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் ஒரு பள்ளி என்று நடத்த ஆரம்பித்தார்.

இங்கேதான் உங்கள் கேள்வி வருகிறது. கன்னியாஸ்திரி மடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அப்போது வெறும் வழக்கம் இல்லை, சட்டம். 1563-ல் முடிந்த திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்கள் மாநாடு அதைக் கறாராக்கியது, 1566-ல் போப் ஐந்தாம் பயஸ் துறவற வார்த்தைப்பாடு கொடுத்த எல்லாப் பெண்களுக்கும் அதைக் கட்டாயமாக்கினார். பெண்ணுக்கு ஒன்று புருஷன் இருக்க வேண்டும், இல்லையென்றால் மதில் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு பேச்சே உண்டு. இத்தாலியில் ஆஞ்சலா மெரிச்சி 1535-ல் ஆரம்பித்த உர்சுலைன் சபைப் பெண்கள் முதலில் தங்கள் வீடுகளிலேயே இருந்து ஊழியம் செய்தவர்கள், அவர்களில் பலரையும் பின்னால் மதிலுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மதிலுக்குள் இருந்தபடியே அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை.

மேரி வார்ட் கேட்டது அது இல்லை. 1611-ல் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: ஜெசுவிட்டுகள் என்று சொல்லும் இயேசு சபைக் குருக்களுக்கு என்ன அமைப்போ அதே அமைப்பு பெண்களுக்கும் வேண்டும். மதில் வேண்டாம், தனி உடை வேண்டாம், நாளைக்கு இத்தனை வேளை கூடிப் பாடும் ஜெபக் கட்டாயம் வேண்டாம். ஊர் ஊராகப் போகலாம். தலைமை ஒரு பெண்ணிடம், அவர் நேராகப் போப்புக்குக் கட்டுப்பட்டவர், நடுவில் ஆயர், அதாவது பிஷப், யாரும் இல்லை. பள்ளிக்கூடம் என்பது அந்த வாழ்க்கையின் மைய வேலை. எனக்குத் தெரிந்து இவ்வளவு வெளிப்படையாக, ஒன்றையும் விட்டுக்கொடுக்காமல் இதைக் கேட்ட பெண் அவருக்கு முன்னால் இல்லை.

1617-ல் ஒரு விஷயம் நடந்தது. இந்தப் பெண்களின் ஆர்வம் இப்போது சரி, ஆனால் எவ்வளவு இருந்தாலும் பெண்கள்தானே, கொஞ்ச நாளில் தணிந்துவிடும் என்று ஒரு குரு சொன்னது மேரியின் காதுக்கு வந்தது. அவர் தன் தோழிகளைக் கூட்டிப் பேசியது எழுத்தில் இருக்கிறது. பெண்கள் பெரிய காரியங்களைச் செய்ய முடியாத அளவுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை, வரும் காலத்தில் பெண்கள் நிறையச் செய்வார்கள் என்பது தெரியவரும், ஆண்டவர் மேல் எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது என்று சொல்கிறார். நானூறு வருஷத்துக்கு முன்னால் பேசியது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடத்தில் நின்றுவிடத் தோன்றும்.

சரி, போப்பிடம் நேரில் கேட்டுவிடலாம் என்று 1621 அக்டோபரில் தோழிகளோடு கிளம்பினார். இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃப்ளாண்டர்ஸ் பகுதியிலிருந்து ரோமாபுரிக்கு நடந்தே போனார்கள், குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தார்கள். அவர் நடந்த செருப்பை ஜெர்மனியில் ஆல்ட்டூட்டிங் ஊரில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

ரோமில் அனுமதி கிடைக்கவில்லை, ஆனால் நீங்கள் செய்வதை எங்கள் கண் முன்னால் செய்து காட்டுங்கள் என்கிற மாதிரி ஒரு பள்ளி நடத்த விட்டார்கள். 1622-ல் திறந்தார்கள், 1625-ல் மூடச் சொல்லிவிட்டார்கள். நேப்பிள்ஸ், பெருஜியா, ம்யூனிக், வியன்னா, இன்று பிராட்டிஸ்லாவா என்று சொல்லும் பிரஸ்பர்க் என்று பள்ளிகள் வந்தன. லத்தீன் கற்றுக் கொடுத்தார்கள். பிள்ளைகளை மேடையேற்றி நாடகம் போட வைத்தார்கள். இது பலருக்குப் பொறுக்கவில்லை. பெண் ஜெசுவிட்டுகள் என்றும் ஊர் சுற்றும் பெண்கள் என்றும் ஏசினார்கள். ஏசியவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் குருமார்கள்.

1631 ஜனவரியில் போப் எட்டாம் உர்பன் ஆணை போட்டு மொத்தச் சபையையும் கலைத்தார். அடுத்த மாதமே மேரியை ம்யூனிக்கில் கைது செய்து, பதிதர் (அதாவது திருச்சபையின் விசுவாசத்துக்கு விரோதி), கலகக்காரி என்ற குற்றச்சாட்டோடு அங்கே இருந்த கிளாரா மடத்தில் ஜன்னல் அடைத்த ஒரு சின்ன அறையில் வைத்தார்கள். உடம்பு மோசமாகி, சாகப்போகிறார் என்ற நிலைமையில், சாகும் தறுவாயில் குரு எண்ணெய் பூசிச் செய்யும் சடங்கான அவஸ்தைபூசுதல் கேட்டார். தான் விசுவாசத்துக்கு விரோதமாக ஏதாவது செய்திருந்தால் அதற்காக வருந்துவதாக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்போம் என்றார்கள். செய்யாத குற்றத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிக்குச் சாகும் நேரத்தில் அது எப்பேர்ப்பட்ட முடிவு என்பது அந்தச் சூழலில் வளர்ந்தவர்களுக்குப் புரியும்.

அந்த அறையிலிருந்துதான் எலுமிச்சைச் சாற்றுக் கடிதங்கள் போனது. வெளியே இருந்த தோழிகள் அவருக்குச் சாப்பாடும் துணியும் பொட்டலம் கட்டி அனுப்புவார்கள். பொட்டலம் கட்டிய காகிதத்தில் எலுமிச்சைச் சாற்றால் எழுதித் திருப்பி அனுப்புவார். காய்ந்தால் வெறும் கசங்கிய காகிதம். நெருப்புக்குப் பக்கத்தில் பிடித்தால் எழுத்து பழுப்பாக ஏறி வரும். அந்தக் கடிதங்களில் இருபதுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. ஏப்ரலில் விடுதலை ஆனார், பிழைத்துக்கொண்டார், ரோமுக்குப் போய்ப் போப்பையே பார்த்தார். பதிதர் என்ற பழி நீங்கியது. சபை மட்டும் திரும்பி வரவில்லை. ம்யூனிக்கில் சிலர் சாதாரணப் பெண்களாக ஒரே வீட்டில் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தார்கள், நூல் அறுந்து போகாமல் இருந்தது அவர்களால்தான்.

1639-ல் மேரி இங்கிலாந்து திரும்பினார், கடைசி வருஷங்கள் யார்க்குக்குப் பக்கத்தில். உள்நாட்டுப் போர் நடுவில் 1645 ஜனவரியில் இறந்தார். ஆஸ்பால்ட்விக் என்ற கிராமத்து ஆங்கிலிகன் (இங்கிலாந்து அரசுத் திருச்சபை) கோயில் தோட்டத்தில் புதைத்தார்கள். கல்லறைக் கல் இன்றும் அந்தக் கோயிலுக்குள் இருக்கிறது. ஏழைகளை நேசித்து, அதிலே நிலைத்து, அவர்களோடு வாழ்ந்து, இறந்து, உயிர்த்தெழுவதே மேரி வார்டின் நோக்கமாக இருந்தது, அறுபது வருஷமும் எட்டு நாளும் வாழ்ந்தார் என்று மட்டும் எழுதியிருக்கிறது. துறவி என்று இல்லை, சபை நிறுவியவர் என்று இல்லை, பள்ளிக்கூடம் என்ற வார்த்தையும் இல்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியட்டும் என்று வெட்டிய கல்.

இனி யார்க்கின் கதை. சர் தாமஸ் கேஸ்காயின் என்று யார்க்ஷையரில் ஒரு கத்தோலிக்க நிலச்சுவான்தார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு 1680-ல் ராஜத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்டு விடுதலையானவர். நம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று சொல்லி 450 பவுண்டு கொடுத்தவர் இவர்தான். பொறுப்பேற்று வந்தவர் பிரான்சஸ் பெடிங்ஃபீல்ட், மேரி வார்டின் தோழிகள் வழியில் உருவாகி, ஏற்கெனவே லண்டன் பக்கம் ஹாமர்ஸ்மித்தில் ஒரு பள்ளியை 1669-லிருந்து நடத்திக்கொண்டிருந்தவர், எழுபது வயது. மிக்கில்கேட் வாசலுக்கு வெளியே இருந்த ஒரு வீட்டை 1686 நவம்பர் 5-ல் வாங்கினார். வெடிமருந்துச் சதி பிடிபட்டதை இங்கிலாந்து முழுக்கக் கொள்ளி கொளுத்திக் கொண்டாடும் நாள் அது. மேரி வார்டின் மாமன்மார் செத்ததும் அந்த விவகாரத்தில்தான்.

அப்போது ராஜா இரண்டாம் ஜேம்ஸ், கத்தோலிக்கர். இரண்டே வருஷத்தில் அவர் பதவி போனது. 1694-ல் பிரான்சஸ் அம்மையாரையும் அவருடைய உறவுக்காரப் பெண்ணையும் ஊஸ் பாலத்துச் சிறையில் போட்டார்கள், கிட்டத்தட்ட எண்பது வயதில். கொஞ்ச நாளில் கும்பல் ஒன்று வீட்டை இடிக்க வந்தது என்றும், மிக்கேல் சம்மனசு என்ற தேவதூதர் கூரை மேல் குதிரையில் தோன்ற அவர்கள் ஓடிவிட்டார்கள் என்றும் மடத்தில் ஒரு கதை வழிவழியாகச் சொல்கிறார்கள்.

அதற்கப்புறம் வந்த சட்டம்தான் பயங்கரமானது. 1700-ல் வந்தது: கத்தோலிக்கர் யாராவது பள்ளிக்கூடம் நடத்தினால் ஆயுள் சிறை. பூசை வைக்கும் குருவைக் காட்டிக் கொடுத்துத் தண்டனை வாங்கித் தருபவருக்கு 100 பவுண்டு பரிசு. இந்த விதிகள் 1778 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தன. இந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, அந்தச் சட்டத்துக்கு முந்தின வருஷம், 1699-ல், விடுதிப் பள்ளியோடு ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இலவசப் பகல் பள்ளியையும் சேர்த்துத் திறந்திருந்தார்கள், சட்டம் வந்த பிறகும் விடாமல் நடத்தினார்கள். எழுபத்தெட்டு வருஷம், தினமும் காலையில் வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு டீச்சரும் ஆயுள் சிறைக்குரிய குற்றத்தைச் செய்துகொண்டிருந்தார் என்று அர்த்தம்.

எப்படித் தப்பித்தார்கள் என்றால், கான்வென்ட் என்ற அடையாளமே இல்லாமல். துறவுடை கிடையாது, அந்தக் காலத்துச் சாதாரண கைம்பெண் உடுத்துவது போல ஒரு மங்கலான நிற உடை. சிஸ்டர், மதர் என்று கூப்பிடக் கூடாது, திருமதி இன்னார் என்றுதான். பிரான்சஸ் அம்மையாருக்கே திருமதி லாங் என்று ஒரு புனைபெயர். ஊரார் அவர்களை வாசல் பக்கத்துச் சீமாட்டிகள் என்று சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்தும் பேசாமல் இருந்த அண்டைவீட்டார் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பள்ளிக்கூடத்தை அத்தனை வருஷம் மறைக்க முடியாது.

இதெல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் தெரிய வேண்டும் என்றால் மடத்துக்குள் இருக்கும் கோயிலைப் பார்க்க வேண்டும். யார்க் போயிருந்தபோது அதற்காகவே ஒரு மத்தியானம் முழுக்க அங்கே இருந்தேன். தெருவில் நின்று பார்த்தால் செங்கல் வீடு, நெற்றியில் ஒரு கடிகாரம், வசதியான குடும்பம் ஒன்று இருக்கும் என்று தோன்றும், அவ்வளவுதான். உள்ளே போய் மாடிக்கு ஏறிக் கதவைத் திறந்தால் குவிமாடம் வைத்த முழுக் கோயில். ஆன் ஆஸ்பினல் அம்மையார் தலைவியாக இருந்தபோது தாமஸ் அட்கின்சன் என்ற கட்டடக் கலைஞர் கட்டி 1769-ல் முடித்தது, அதாவது ஆயுள் சிறைச் சட்டம் இன்னும் உயிரோடு இருந்தபோது. அந்தக் குவிமாடம் வெளியே தெரியவே தெரியாது. அதன் மேல் சாதாரண வீட்டுக்குப் போடுவது போலக் கல்லோட்டுச் சரிவுக் கூரையைப் போட்டு மூடிவிட்டார்கள். அறைக்கு எட்டுக் கதவு. நின்று எண்ணிப் பார்த்தேன். சோதனைக்கு ஆள் வந்தால் பூசைக்குக் கூடியவர்கள் எட்டுப் பக்கமாகக் கலைந்துவிட வேண்டும் என்பதற்காக. குருவுக்குத் தரையில் ஒரு பலகை, அதைத் தூக்கினால் கீழே ஒரு ஆள் ஒடுங்கி உட்காரும் அளவுக்குப் பொந்து. முன்னால் சொன்ன மார்கரெட் கிளித்தரோவின் கை என்று பாதுகாத்துப் போற்றப்படும் ஒரு திருப்பண்டமும் (புனிதரின் உடல் எச்சம்) அந்தக் கோயிலில்தான் இருக்கிறது.

இந்த மடத்தின் வரலாற்றில் என்னை மிகவும் பாதிப்பது இன்னொரு மறைவு. இங்கிலாந்து அரசாங்கத்திடமிருந்து தாங்கள் கத்தோலிக்கர் என்பதை மறைத்தார்கள், சரி. ரோமாபுரியிடமிருந்து தங்களை ஆரம்பித்தது யார் என்பதை மறைக்க வேண்டியிருந்தது. சபையைப் போப்பே கலைத்தாயிற்று இல்லையா, கலைத்த சபையின் தொடர்ச்சி நாங்கள் என்று சொன்னால் அதோடு முடிந்தது. 1703-ல் போப் பதினோராம் கிளமென்ட் அவர்களுடைய ஒழுங்குகளை அங்கீகரித்தார். பெண்களைப் பெண்களே ஆளட்டும் என்று அப்போது அவர் சொன்னதாக ஒரு பேச்சு நிலைத்திருக்கிறது. ஆனால் 1749-ல் பதினான்காம் பெனடிக்ட், நீங்கள் இருந்துகொள்ளலாம், மேரி வார்டை உங்கள் ஸ்தாபகர் என்று மட்டும் சொல்லக் கூடாது என்று ஆணையிட்டார். 1909-ல் பத்தாம் பயஸ் அந்தத் தடையை நீக்கும் வரை, நூற்றறுபது வருஷம், இந்தச் சபைப் பெண்கள் தங்கள் தாயின் பெயரை வெளியே சொல்ல முடியாமலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். விடுதியில் பணம் கட்டிப் படித்தது பெரிய வீட்டுப் பெண்கள், இலவசப் பள்ளியில் ஏழைகள், இரண்டும் தனித்தனி. அந்தப் பிரிவு நெடுநாள் இருந்தது. நம் ஊர்க் கான்வென்ட்களிலும் இதே மாதிரி இரண்டு பள்ளி, இரண்டு வாசல் இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

1791-க்குப் பிறகு கத்தோலிக்கர் வெளிப்படையாகக் கோயிலும் பள்ளியும் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. அதன் பிறகு நம் பக்கம் வரும் கதை ஆரம்பிக்கிறது. டப்ளினிலிருந்து பிரான்சஸ் பால் என்று ஒரு சிறுமி ஒன்பது வயதில் பார் கான்வென்டுக்குப் படிக்க வந்தாள். வளர்ந்து 1814-ல் அங்கேயே நவசந்நியாசத்தில், அதாவது துறவறப் பயிற்சியில், சேர்ந்து தெரசா பால் ஆனார். 1821-ல் அயர்லாந்து திரும்பி, அடுத்த வருஷம் டப்ளினுக்கு வெளியே ராத்ஃபார்னமில் ஒரு மடத்தைத் திறந்தார். அதற்கு லொரேட்டோ என்று பெயர் வைத்தார். அந்த லொரேட்டோ கன்னியர்தான் 1841 கடைசியில் கல்கத்தாவில் வந்து இறங்கி, 1842-ல் லொரேட்டோ ஹவுஸ் பள்ளியை ஆரம்பித்தவர்கள். 1928-ல் ஆக்னஸ் என்ற பதினெட்டு வயது அல்பேனியப் பெண் ராத்ஃபார்னமுக்கு வந்து ஆறு வாரம் ஆங்கிலம் படித்துக்கொண்டு கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். கல்கத்தாவின் எண்டாலியில் லொரேட்டோ மடத்துப் பள்ளியில் பாடம் நடத்தினார், தலைமை ஆசிரியையாக இருந்தார். 1948-ல் அந்த மதிலுக்குள்ளிருந்து வெளியே வந்து தெருவுக்குப் போன அன்னை தெரசா அவர்தான்.

சென்னையைப் பற்றியும் நீங்கள் யோசிக்கலாம். அதே 1842-ல் கறுப்பர் நகரத்துக்கு, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு, வந்தவர்கள் பிரசன்டேஷன் சபை, அது வேறு. ஆனால் அதை 1775-ல் ஆரம்பித்த நானோ நேகிளும் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் சட்டத்துக்குத் தெரியாமல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர்தான். ஆக, கான்வென்ட் பள்ளி நம் நாட்டுக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்தவர்கள் ஆளும் கூட்டத்தின் மதத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. தங்கள் சொந்த ஊரில் பள்ளி நடத்தியதற்காகச் சிறைக்குப் பயந்திருந்தவர்களின் வாரிசுகள். இதை நம் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை.

யார்க்கில் பிறகு நடந்தது சுருக்கமாக: 1942 ஏப்ரல் 29 விடிகாலை ஜெர்மன் விமானங்கள் யார்க் மேல் குண்டு போட்டதில் மடத்தின் ஒரு பகுதி இடிந்து ஐந்து கன்னியர் இறந்தார்கள். கோயில் தப்பியது. பள்ளியை 1985-ல் ஊரில் இருந்த மற்றக் கத்தோலிக்கப் பள்ளிகளோடு சேர்த்து ஆல் செயின்ட்ஸ் என்ற பெயரில் அரசு உதவி பெறும் பள்ளியாக மாற்றினார்கள், இப்போது பையன்களும் படிக்கிறார்கள். மடத்தில் ஒரு அருங்காட்சியகமும், தங்கும் அறைகளும், கண்ணாடிக் கூரை போட்ட முற்றத்தில் டீ குடிக்க இடமும் இருக்கிறது. மேரி வார்ட் கேட்ட இயேசு சபை ஒழுங்குகள் அவருடைய சபைக்கு முழுமையாகக் கிடைத்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், அப்போது சபையின் பெயரையும் இயேசுவின் சபை என்று பொருள்படும்படி மாற்றிக்கொண்டார்கள். 2009 டிசம்பரில் போப் பதினாறாம் பெனடிக்ட் மேரி வார்டை வணக்கத்துக்குரியவர் என்று, அதாவது புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு படியில், அறிவித்தார்.

நான் போன அன்று மத்தியான மணி அடித்ததும் பின்பக்கம் பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடிவரும் சத்தம் கோயில் வரை கேட்டது. எட்டுக் கதவில் இரண்டு திறந்தே கிடந்தது.